ஆஸ்பத்திரியில் 'ஆபரேஷன்ஸ்' பார்த்தவர் தன் பணிப் பின்னணியை எழுதுவது எப்படி?

நான் ஆபரேஷன்ஸ் மேலாளர் ஆன செய்தியை என் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "என் மகள் இப்போது ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பார்க்கிறாள்." மறு வாரமே எதிர்வீட்டு மாமா தன் குடலிறக்கத்துக்கு எப்போது அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கத்தி தொடாத ஆபரேஷன் இது, ஆஸ்பத்திரியை அன்றாடம் ஓடவைக்கும் நிர்வாக வேலை என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் அவர் காபி ஆறிவிட்டது.

அந்த மாமா மீது தப்பில்லை. இந்த வேலையில் இருப்பவர்களுக்கே தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லத் தெரியாது. 1993இல் மதுரையில் 40 கட்டில் கொண்ட ஒரு நர்சிங் ஹோமில் பில்லிங் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். பி.காம். மட்டும் கையில் இருந்தது. கடைசியாக ஒரு பெரிய மருத்துவமனையின் செயல்பாட்டுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றேன். இடையில் ஆள் எடுக்கும் குழுக்களில் உட்கார்ந்து இந்தப் பதவிக்கு வந்த பணிக்குறிப்புகளை நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் பெயரை மாற்றி வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

போன மாதம் என் அக்கா மகன் அப்படி ஒன்றை எழுதிக்கொண்டு வந்தான். கோவையில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன்ஸ் மேலாளராக இருக்கிறான். வேறொரு குழுமத்தில் தலைமைச் செயல்பாட்டு அதிகாரி பதவிக்குப் பேச்சு நடக்கிறது. இயக்குநர்கள் படிப்பதற்கு ஒரு பக்கத்தில் பணிப் பின்னணி கேட்டிருக்கிறார்கள். முதல் வரி: "முடிவுகளை நோக்கிச் செயல்படும் ஆற்றல்மிக்க தலைவர்." நான் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உன் ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில்?" என்று கேட்டேன். "நூற்று எண்பது, சித்தி." "அது ஏன் இதில் இல்லை?" அவனிடம் பதில் இல்லை. அன்று சாயங்காலம் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவைச் சொல்லுங்கள். எத்தனை கட்டில், அதில் தீவிர சிகிச்சைக்கு எத்தனை, எத்தனை அறுவை அரங்கு, ஓ.பி.யில் ஒரு நாளைக்கு எத்தனை பேர், உங்கள் கீழ் நேரடி ஊழியர் எத்தனை, ஒப்பந்த ஊழியர் எத்தனை. கட்டில் எண்ணிக்கையில் ஒரு கள்ளம் உண்டு. உரிமத்தில் 250 இருக்கும். விரிப்பு விரித்து, நர்ஸ் போட்டு, உண்மையில் ஓடுவது 180 இருக்கும். ஓடும் எண்ணிக்கையை எழுதுங்கள். பெரிய எண்ணை எழுதிவிட்டு நேர்முகத்தில் விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவசரப் பிரிவுக் கட்டிலையும் டயாலிசிஸ் கட்டிலையும் அதில் சேர்த்து எண்ணியவர்களும் உண்டு. இரவு பன்னிரண்டு மணிக்கு வார்டு வார்டாகத் தலை எண்ணிய அனுபவம் உள்ளவர் அப்படி எண்ணமாட்டார்.

அடுத்து, எந்தெந்தப் பிரிவு உங்களிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்று எழுதுங்கள். ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன்ஸ் என்றால் பில்லிங், காப்பீட்டுப் பிரிவு, ஹவுஸ்கீப்பிங், பராமரிப்பு, பாதுகாப்பு, ஆம்புலன்ஸ். இன்னொன்றில் மருந்தகமும் கொள்முதலும் சேர்ந்திருக்கும். நர்சிங் பெரும்பாலும் தனி ராஜ்ஜியம். அதை உங்கள் கணக்கில் எழுதினால் யாராவது சிரிப்பார்கள். "ஒருங்கிணைத்தேன்" என்பது வேறு, "என் பொறுப்பில் இருந்தது" என்பது வேறு. இரண்டையும் பிரித்து எழுதுவதாலேயே உங்கள் தாளுக்கு நம்பகம் வந்துவிடும்.

இனி வினைச்சொற்களுக்கு வருகிறேன். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அது இந்த வேலைக்கென்றே வகுத்த இலக்கணம். டாக்டர் செய்கிறார், நர்ஸ் செய்கிறார், லேப் டெக்னீஷியன் செய்கிறார். நாம் செய்விக்கிறோம். நம் பணிப் பின்னணி முழுக்கப் பிறவினையின் வரலாறு. அதனால் ஒவ்வொரு வரியையும் மூன்று தட்டில் போட்டுப் பார்க்கச் சொல்வேன்: நான் செய்தது, நான் செய்வித்தது, நான் இருந்த காலத்தில் தானாக நடந்தது. அக்கா மகன் தாளில் "வருவாயை 22 சதவீதம் உயர்த்தினேன்" என்று இருந்தது. விசாரித்தால், அந்த ஆண்டு ஒரு இதய அறுவை நிபுணர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். அது மூன்றாம் தட்டு. அந்த நிபுணருக்கு அறுவை அரங்கு நேரத்தை ஒதுக்கி, இதய ரத்தக்குழாய்ச் சோதனை நடக்கும் கேத் லேபை மாலை ஷிஃப்டிலும் ஓட வைத்தது அவன். அது இரண்டாம் தட்டு. அதை எழுதச் சொன்னேன்.

செய்விப்பதை எப்படி எழுதுவது என்பதற்கு மதுரைக்காரியான எனக்கு அரவிந்த் கண் மருத்துவமனைதான் உடனே நினைவுக்கு வருகிறது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது அது. அங்கே அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்குப் பக்கத்தில் இரண்டு மேசை இருக்கும். ஒன்றில் அவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளியைத் தயார்செய்து படுக்க வைத்திருப்பார்கள். முடித்ததும் டாக்டர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்தவரைப் பார்க்கலாம். பெரும்பாலான ஆயத்த வேலைகளை, கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் செய்கிறார்கள். கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் மேலாண்மை படித்த துளசிராஜ் 1980களின் தொடக்கத்தில் நிர்வாகத்துக்கு வந்தார். பின்னாளில் அங்கே லைகோ என்ற பயிற்சி நிறுவனத்தையும் வழிநடத்தினார். 1992இல் ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை அவர்களே குறைந்த விலையில் தயாரித்தார்கள். இதில் "திறமையான தலைமை" என்று ஓர் இடத்திலும் சொல்லத் தேவைப்படவில்லை பாருங்கள். இரண்டு மேசை என்று சொன்னதும் உங்களுக்கு விளங்கிவிட்டது. உங்கள் தாளிலும் அப்படி ஒரு "இரண்டு மேசை" வேண்டும். உலகப் புகழ் பெற வேண்டியதில்லை. மருந்துத் தள்ளுவண்டியை எந்த வார்டில் எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள் என்பதுகூடப் போதும்.

என்னுடைய இரண்டு மேசை டிஸ்சார்ஜ். காலை ஒன்பதரை ரவுண்டில் டாக்டர் "இன்று போகலாம்" என்று சொல்லிவிடுவார். நோயாளி ஒன்பதே முக்காலுக்குச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகன் கார் எடுத்துவரப் போயிருப்பான். சாயங்காலம் நான்கு மணிக்கும் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கீழே அவசரப் பிரிவில் ஒருவர் அதே கட்டிலுக்காக ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பார். எல்லாரும் பில்லிங்கைத் திட்டுவார்கள். நானும் பில்லிங்கில் இருந்தவள்தானே, கோபம் வந்தது. ஒரு வாரம் கடிகாரத்தோடு வார்டில் நின்றேன். பில் போடப் பிடித்த நேரம் இருபது நிமிடம். மிச்ச நேரமெல்லாம் எங்கே போனது? டிஸ்சார்ஜ் சம்மரியைத் தட்டச்சு செய்ய இளம் டாக்டருக்கு ரவுண்டு முடிய வேண்டும். வார்டு டிராயரில் மிஞ்சிய ஊசியும் மாத்திரையும் மருந்தகத்துக்குத் திரும்பிப் போய், அங்கே எண்ணி, கணக்கில் கழித்தால்தான் பில்லை மூட முடியும். மருந்தகத்திலோ அந்நேரம் ஓ.பி. வரிசை வாசல்வரை நிற்கும். வார்டு உதவியாளர் பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு அப்படியே காத்திருப்பார்.

முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு "நாளை போகக்கூடியவர்கள்" என்று ஒரு பட்டியல் எடுக்க ஆரம்பித்தோம். மறுநாள் காலை டோஸ் தவிர மற்ற மருந்துகள் இரவே மருந்தகத்துக்குத் திரும்பின. சம்மரியை இரவுப் பணி டாக்டர் வரைவாக எழுதி வைத்தார். காலையில் திருத்துவது மட்டும் மிச்சம். இதற்கு ஒரு ரூபாய் முதலீடு இல்லை. இப்படிப்பட்ட ஒன்றை எழுதும்போது கடிகாரத்தை எங்கே தொடங்கி எங்கே நிறுத்தினீர்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள். டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிய நேரத்திலிருந்தா, பில் தொடங்கிய நேரத்திலிருந்தா? பணம் கட்டிய நேரம் வரையா, கட்டில் காலியான நேரம் வரையா? "டிஸ்சார்ஜ் நேரம் 45 நிமிடம்" என்று எழுதியவர்களில் பலர் பில் தொடங்கியதிலிருந்துதான் எண்ணியிருப்பார்கள். நோயாளியின் மகன் அப்படி எண்ணமாட்டான். காப்பீடு உள்ளவர்களுக்கும் கையில் பணம் கட்டுபவர்களுக்கும் தனித்தனி எண் கொடுங்கள். 2024 மே மாதத்தில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் சுற்றறிக்கை, ரொக்கமில்லா சிகிச்சைக்கான முன் அனுமதியை ஒரு மணி நேரத்திலும் டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்திலும் தர வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சொன்னது. அதற்குப் பின் உங்கள் நேரம் குறைந்திருந்தால் எவ்வளவு உங்களால் குறைந்தது என்று கேட்பார்கள். தயாராக இருங்கள்.

எண்களைப் பற்றி இன்னொன்று. மருத்துவமனையின் எண்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். 180 கட்டில், 30 நாள் என்றால் 5,400 கட்டில் நாட்கள். அந்த மாதம் 945 பேர் சராசரி 4 நாள் தங்கினால் 3,780 நாட்கள். நிரம்பல் 70 சதவீதம். இப்போது ஒருவர் "சராசரித் தங்கலை 4 நாளிலிருந்து 3.5 ஆகக் குறைத்தேன்" என்று பெருமையாக எழுதுகிறார். சரி, நிரம்பல் அதே 70 என்றும் எழுதியிருக்கிறார். அப்படியானால் மாதம் 1,080 பேர் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தார்களா? சேராமல் 945 பேரே வந்திருந்தால் நிரம்பல் 61 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். முதலாளி அன்று உங்களைக் கூப்பிட்டு மாலை போட்டிருக்க மாட்டார். குழுவில் உட்கார்ந்து பென்சிலால் இந்தக் கணக்கைப் போடும் கிழவி ஒருத்தி எப்போதும் இருப்பாள். அனுப்புவதற்கு முன் நீங்களே போட்டுப் பாருங்கள்.

அங்கீகாரங்களைப் பற்றி எழுதுவதில்தான் எத்தனை வீக்கம்! "என்.ஏ.பி.எச். அங்கீகாரம் பெற்றுத் தந்தேன்" என்று தனி ஆள் எழுதுவதை நான் ஏற்பதில்லை. மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் அந்த வாரியத்தின் தரநெறிகளில், 2020இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 10 அத்தியாயம், 651 கூறுகள் இருந்தன. தொற்றுத் தடுப்பும் மருந்து மேலாண்மையும் வேறு ஆட்கள் சுமப்பவை. உங்கள் மேசைக்கு வந்தது எது? வசதி மேலாண்மையும் பாதுகாப்பும் என்றால் அப்படியே எழுதுங்கள்; தீயணைப்பு ஒத்திகையை எந்த நேரத்தில் நடத்தினீர்கள் என்றும் ஒரு வார்த்தை சேருங்கள். இரவு இரண்டு மணிக்கு நடத்தியவர் என்றால் எனக்கு அவரைப் பார்க்க ஆசை வரும்.

உரிமங்களும் அப்படித்தான். எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், ஸ்கேன் அறைக்கு 1994ஆம் ஆண்டுக் கருக்கால பாலினத் தேர்வுத் தடைச் சட்டம், மருந்தகத்துக்கு மருந்து உரிமம், திரவ ஆக்சிஜன் தொட்டிக்கு வெடிபொருள் பாதுகாப்புத் துறை, மருத்துவக் கழிவுக்கு 2016 விதிகள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரிப்பதை எல்லாரும் ஒப்பிப்பார்கள். பதப்படுத்தாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பதையும், வண்டி வராத ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார்கள் என்பதையும் சொல்பவர் கிடைப்பது அரிது. எந்தெந்தக் கோப்பைப் புதுப்பிக்கும் வேலை உங்களுடையது என்று ஒரே வரியில் எழுதினால் போதும்.

கோவிட் காலம். எல்லார் தாளிலும் ஒரே வாக்கியம்: "பெருந்தொற்றைத் திறம்படக் கையாண்டேன்." நான் என் தாளில் எழுதியது வேறு. 2021 மே மாதம், எங்கள் தொட்டியின் கொள்ளளவு 3,000 லிட்டர். ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் ஏறக்குறைய 860 லிட்டர் வாயுவாகும். 20 பேருக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் வீதம் போனால், மணிக்கு 48,000 லிட்டர் வாயு. 56 லிட்டர் திரவம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,340. முழுத் தொட்டியே இரண்டேகால் நாளைத் தாண்டாது. இந்தக் கணக்கை வார்டு சுவரில் ஒட்டி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்துக் கொள்ளச் செய்தேன். ஓரிரவு லாரி வரத் தாமதமானது. மருத்துவ இயக்குநரோடு பேசிவிட்டு, ஆறு மணி நேரம் புதிய சேர்க்கையை நிறுத்தினேன். வாசலில் மூன்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினோம். உள்ளே இருந்தவர்களுக்கு ஆக்சிஜன் அழுத்தம் குறையவில்லை. அந்த மூன்று வண்டிகள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போயின என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதை "திறம்பட" என்ற சொல்லுக்குள் என்னால் அடைக்க முடியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி மூன்று வரியில் எழுதினேன்.

தோல்வி ஒன்றாவது எழுதுங்கள் என்றால் இளைஞர்கள் பயப்படுகிறார்கள். நான் ஒருமுறை புதிய பில்லிங் மென்பொருளை மாதத்தின் முதல் திங்கட்கிழமை தொடங்கி வைத்தேன். சம்பளம் வந்த வாரம், ஓ.பி. நெரியும் நாள். வரிசை தெருவில் இருந்த டீக்கடை வரை போனது. டீக்கடைக்காரர் மட்டும் எனக்கு நன்றி சொன்னார். இரண்டு நாளில் பழைய முறைக்குத் திரும்பினோம். ஆறு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை இரவு, ஒரே ஒரு கவுண்டரில் தொடங்கி மெல்ல மாற்றினோம். இதை எழுதியதால் எனக்கு எந்த வேலையும் கைநழுவவில்லை. மாறாக, குழுவில் இருந்தவர்கள் அதைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள்.

படிப்பைக் கடைசியில் இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். மருத்துவமனை நிர்வாகப் பட்டமான எம்.எச்.ஏ., எம்.பி.ஏ., செவிலியர் பட்டம், ஓட்டல் மேலாண்மை என்று இந்தத் துறைக்கு எல்லாக் கதவு வழியாகவும் ஆள் வருகிறார்கள். எந்தக் கதவு என்பதை மறைக்க வேண்டாம். நான் பில்லிங் கவுண்டர் வழியாக வந்தவள் என்பதை மறைத்த ஒரு காலம் உண்டு, அசட்டுத்தனம்.

எழுதக்கூடாதவையும் உண்டு. நோயாளி யாருடைய பெயரும், அடையாளம் தெரியும் விவரமும் வேண்டாம். நடிகருக்கு அறை ஏற்பாடு செய்தேன் என்று எழுதிய ஒருவரை அந்த ஒரு வரிக்காகவே நிராகரித்தோம். பழைய நிறுவனத்தின் லாப ரூபாயை எழுதாதீர்கள். சதவீதமோ விகிதமோ போதும். வேலையை விட்ட காரணத்தில் யாரையும் குறை சொல்ல வேண்டாம். இடைவெளி இருந்தால் இடைவெளி என்றே எழுதுங்கள். என் மாமியார் படுக்கையில் இருந்த பதினோரு மாதத்தை நான் அப்படித்தான் எழுதினேன். அந்தப் பதினோரு மாதத்தில்தான் நோயாளிக்குத் துணையிருப்பவர் நாற்காலியில் இரவைக் கழிப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகன் இரண்டு நாளில் புதிதாக எழுதிக்கொண்டு வந்தான். அதில் ஒரு பத்தி:

"2019 முதல் 180 கட்டில் ஓடும் பொது மருத்துவமனையில் பில்லிங், காப்பீடு, ஹவுஸ்கீப்பிங், பராமரிப்பு, பாதுகாப்பு ஆகிய ஐந்து பிரிவுகள் என் பொறுப்பில் உள்ளன. நர்சிங்கும் மருந்தகமும் என் பொறுப்பில் இல்லை. அவற்றோடு சேர்ந்து வேலை செய்கிறேன். கேஸ் ஷீட்டில் டிஸ்சார்ஜ் எழுதிய நேரத்திலிருந்து கட்டில் காலியாகும் வரை, பணம் கட்டும் நோயாளிகளுக்கு 5 மணி 40 நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. இரவிலேயே மருந்தைத் திருப்பும் முறையை ஏற்படுத்தினேன். பதினான்கு மாதத்தில் 3 மணி 10 நிமிடம் ஆனது."

நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அனுப்பும் முன் கடைசி வேலை ஒன்று பாக்கி என்று சொன்னேன். அந்த வேலையில் உங்களோடு நின்ற ஒருவருக்கு அந்தப் பத்தியை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அவன் அங்கேயே தன் மருத்துவமனையின் நர்சிங் சூப்பரிண்டென்டண்டுக்குப் போன் போட்டான். சிஸ்டர் முழுக்கக் கேட்டார். சிறிது நேரம் பேச்சில்லை.

"நல்லா வந்திருக்கிறது சார். ஆனால் ராத்திரி மருந்து திருப்புவதை முதலில் ஆரம்பித்தது மூன்றாம் மாடி ராத்திரி ஷிஃப்ட் பிள்ளைகள்தானே? நீங்கள் வந்து பார்த்துவிட்டு, மற்ற மாடிகளுக்கும் கொண்டுபோனீர்கள்."

அவன் என்னைப் பார்த்தான். நான் பேனாவை நீட்டினேன். "ஏற்படுத்தினேன்" என்பதை அடித்துவிட்டு, "மூன்றாம் மாடி இரவுச் செவிலியர்கள் தொடங்கிய முறையை எல்லா மாடிக்கும் கொண்டுசென்றேன்" என்று எழுதினான்.